காணாமல் போன கல்வட்டம்

விடுதி நாட்களில் ஞாயிறுதோறும் மலை தாண்டிச் சைக்கிளில் போவோமே, நினைவிருக்கிறதா? வழியில் ஒரு கல்வட்டம். மல்லாட்டை கொறித்தபடி, "பாண்டவர் குழிடா!" என்று சிரித்ததோடு சரி. அது இரும்புக்கால ஈமச்சின்னம் என்று பிறகுதான் படித்தேன். அண்மையில் போய்ப் பார்த்தால் ஒரு கல்கூட இல்லை. அளவோ படமோ நம்மில் ஒருவரிடமும் கிடையாது.

நம் மாவட்டத்துக் கீழ்நமண்டிக்கு அந்தக் கதி வரவில்லை. வந்தவாசிப் பக்கத்து அவ்வூரில் மாநிலத் தொல்லியல் துறை 2023-ல் அகழாய்வு தொடங்கியது. அங்குக் கிடைத்த ஈமப்பேழையின் காலம், கரிமக் கணிப்பின்படி கி.மு. 1692 என்று 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' நூல் சொல்கிறது.

நாம் உட்கார்ந்த கல்லுக்கு என்ன வயசோ! இனிக் கல்வட்டம் கண்டால் படமெடுத்துத் தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். நாம் அன்று செய்யத் தவறியது அதுதான்.