தமிழ் இடைமுகத்தில் உரையாடல் பெட்டிப் பொத்தான்கள்

உரையாடல் பெட்டி என்பது ஒரு செயலைச் செய்யுமுன் கணினி பயனரிடம் விடை கேட்கும் சிறு சாளரம். அதன் பொத்தான்களில் என்ன எழுதுவது என்பது தமிழ்க் கணிமையில் சொல்லாக்கச் சிக்கலாகவும் நிரலாக்கச் சிக்கலாகவும் இருந்தது.

ஆங்கிலத்திலும் இது எளிதாக அமையவில்லை. ஆப்பிள் நிறுவனம் 1983-ல் வெளியிட்ட லிசா கணினியின் உருவாக்கத்தின்போது பொத்தானில் 'டூ இட்' என்றிருந்தது. சோதனைக்கு வந்த ஒருவர் அதை, முட்டாள் எனப் பொருள்படும் 'டோல்ட்' என்று படித்துக் கோபமுற்றார். பிறகே 'ஓகே' வந்தது.

விண்டோசின் செய்திப் பெட்டியில் 'ஓகே', 'கேன்சல்', 'யெஸ்', 'நோ' போன்ற சில பொத்தான்களை மட்டுமே நிரலர் தேர்ந்தெடுக்க முடியும்; அவற்றின் எழுத்து இயங்குதளத்தின் மொழியைச் சார்ந்தது. எனவே ஆங்கில விண்டோசில் இயங்கிய தமிழ் மென்பொருளில் கேள்வி தமிழிலும் விடை ஆங்கிலத்திலும் நின்றன. மாற்ற விரும்பிய நிரலர்கள் தனிப் படிவம் வரைந்தார்கள். அல்லது பெட்டி தோன்றும் கணத்தில் இடைமறித்து எழுத்தை மாற்றினார்கள். நிரலரே பெயரிடத்தக்க பொத்தான்களுடன் கூடிய பெட்டி 2007-ல் பொதுவிற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் அமைந்தது.

கட்டற்ற மென்பொருளில் திரைச்சொற்கள் தனிக் கோப்புகளில் இருந்ததால் தன்னார்வலர்கள் நிரலைத் தொடாமலே தமிழாக்கினர். முகுந்தராஜின் 'தமிழா' குழு இதில் குறிப்பிடத்தக்கது. 2005 ஏப்ரலில் மத்திய அரசு சென்னையில் வெளியிட்ட இலவசக் குறுந்தகடு தமிழ்ப் பொத்தான்களைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது.

'ஓகே'க்குச் 'சரி' எளிதில் கிடைத்தது. இடர் 'நோ'வில் இருந்தது. தமிழில் மறுப்புச் சொல்லைக் கேள்வியின் வினையே தீர்மானிக்கிறது. 'கோப்பு இருக்கிறதா?' என்றால் 'இல்லை'. 'மாற்றங்களைச் சேமிக்க வேண்டுமா?' என்றால் 'வேண்டாம்'. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் பெரும்பாலும் ஒரே மொழிபெயர்ப்பு எல்லாப் பெட்டிகளுக்கும் சென்றது. 'சேமிக்க வேண்டுமா?' என்பதன் கீழ் 'இல்லை' என்று கண்டு தயங்கியவர் தவறாக அழுத்தினால், தட்டச்சு செய்த கடிதமே போய்விடும்.

2002-ல் வந்த குனோம் 2, பொத்தானில் செயலின் பெயரையே எழுத வேண்டும் என நெறி வகுத்தது. சேமி, சேமிக்காதே, மூடு என அது தமிழுக்கு இயல்பாகப் பொருந்தியது. 'சேமிக்கவும்' என்று மரியாதையாக எழுத வேண்டியதில்லை. பயனர் கணினிக்கு இடும் ஏவல்தானே அது!

விசைக் குறுக்குவழி மட்டும் முழுதும் தமிழாகவில்லை. 'சே' என்பதைத் தட்டவே இரண்டு விசைகள் வேண்டும். அதனால் 'சேமி' என்பதன் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஆங்கில 'எஸ்' எழுத்து ஒட்டிக்கொண்டது.