சோபா, கார்பெட் கிளீன் பண்ண வர்றவங்களுக்கு இவ்ளோ ஆபத்தா? கதவை மூடி ஏ.சி. போடுவது ஏன் தப்பு?

தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போதே சோபா, கார்பெட் கிளீனிங் புக்கிங் எகிறத் தொடங்கிவிடும். ஆப்பில் நேரத்தைத் தேர்வு செய்தால் போதும். வேக்கம் மெஷின், ஷாம்பு கேன், பிரஷ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சகிதம் பைக்கில் ரெண்டு பசங்க வந்து நிற்பார்கள். சில மணி நேரத்தில் சோபா பளிச்சென்று ஆகிவிடும். அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

பார்க்க ஈஸியான வேலை மாதிரிதான் தெரியும். ஆனால் ரசாயனம், தண்ணீர், கரண்ட் மூன்றும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் புழங்கும் வேலை இது. தொழிற்சாலை என்றால் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கும், சூப்பர்வைசர் இருப்பார், சுவரில் எச்சரிக்கை போர்டு இருக்கும். இவர்களுக்குப் பணியிடம் என்பதே நம்முடைய ஹால்தான்.

"இதையும் கொஞ்சம் ஊத்திப் பாருங்களேன் தம்பி"

கறை போகவில்லை என்றால் பல வீடுகளில் நடப்பது இதுதான். ஊழியர் கொண்டுவந்த லிக்விட் பத்தவில்லை என்று வீட்டுக்காரர் பாத்ரூமில் இருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்து நீட்டுவார். "வேணாம்மா" என்று சொன்னால் ரேட்டிங் குறையுமோ என்ற பயத்தில் அந்தத் தம்பியும் வாங்கி ஊற்றிவிடுவார்.

இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். டாய்லெட் கிளீனர்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளியேறும். முதல் உலகப் போரில், 1915-ல், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மன் படை ஆயுதமாகத் திறந்துவிட்ட அதே வாயு. அளவு வேறுதான், வாயு ஒன்றுதான். பிளீச்சோடு அமோனியா கலந்த கிளீனர் சேர்ந்தாலும் சிக்கல்தான். அப்போது வருவது குளோரமின். அதுவும் கண்ணையும் நுரையீரலையும் பதம் பார்க்கும்.

குளோரின் காற்றைவிடச் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. அதனால் தரையை ஒட்டியே தங்கும். கார்பெட் தேய்ப்பவர் எங்கே இருக்கிறார்? முட்டி போட்டு, முகத்தைத் தரைக்கு அருகே வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். வாசல் பக்கம் நின்று பார்க்கும் வீட்டுக்காரருக்கு லேசாக நெடி அடிக்கும்போது, கீழே இருப்பவர் அதைவிட அதிகமாக இழுத்திருப்பார்.

இதில் ஏ.சி. வேறு. "தூசி வெளியே போகுது, கதவைச் சாத்திட்டு ஏ.சி. போட்டுக்கோங்க" என்று நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் வீட்டில் இருக்கும் ஸ்பிளிட் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. அறைக்குள் இருக்கும் அதே காற்றைத்தான் திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். நெடியும் அங்கேயேதான் சுற்றும். ஜன்னலைத் திறந்து ஃபேன் போடுவதுதான் சரி. வியர்க்கும், வேறு வழியில்லை.

கறை நீக்கும் லிக்விடில் என்ன இருக்கிறது?

சாதாரண ஷாம்பு பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. தினமும் நாலைந்து வீடு என்று வெறும் கையில் தொட்டால் தோல் வறண்டு, வெடித்து, அரிக்கும். கவலைப்பட வேண்டியது 'ஸ்பாட் ரிமூவர்' என்ற பெயரில் வரும் சின்ன பாட்டில்களைப் பற்றி.

எண்ணெய்க் கறை, பெயின்ட், சூயிங்கம் எடுக்கும் சில திரவங்களில் பெர்குளோரோஎத்திலீன், டிரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்கள் இருந்து வந்திருக்கின்றன. மூடிய அறையில் இவற்றை நுகர்ந்தால் தலை சுற்றும், குமட்டும். நீண்ட கால பாதிப்பு இன்னும் மோசம். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை டிரைகுளோரோஎத்திலீனை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாகவும், பெர்குளோரோஎத்திலீனை அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருளாகவும் வகைப்படுத்தியுள்ளது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024 டிசம்பரில் இரண்டுக்கும் கடும் கட்டுப்பாட்டு விதிகளை அறிவித்தது. டிரை கிளீனிங் கடைகளில் பெர்குளோரோஎத்திலீனை 10 ஆண்டுகளில் படிப்படியாகக் கைவிட வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

துருக்கறை நீக்கி இன்னொரு ரகம். சிலவற்றில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். மற்ற அமிலம் பட்டால் உடனே எரியும், கையை உதறிவிடுவோம். இது, குறிப்பாக நீர்த்த நிலையில், பட்ட நேரத்தில் பெரிதாக வலிக்காமல் போகலாம். சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே இருந்து வலி கிளம்பும். தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால், அளவு அதிகமானால் இதயத் துடிப்பையே குலைத்துவிடும். இதற்கென்று கால்சியம் குளுகோனேட் ஜெல் தனியாக இருக்கிறது. இந்த பாட்டிலைப் பையில் வைத்திருப்பவரிடம் அந்த ஜெல்லும் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் ஊழியர் எப்படித் தெரிந்துகொள்வது? தொழில்முறை ரசாயனம் ஒவ்வொன்றுக்கும் 16 பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தகவல் தாள் உண்டு. நாலாவது பகுதி முதலுதவி, எட்டாவது பகுதி எந்தக் கிளவுஸ், எந்த மாஸ்க் என்பது. ஆனால் நடைமுறையில் 5 லிட்டர் கேனில் வாங்கிய லிக்விட், லேபிள் இல்லாத வாட்டர் பாட்டிலுக்கோ பழைய கூல்டிரிங்க்ஸ் பாட்டிலுக்கோ மாறித்தான் வீட்டுக்கு வருகிறது. அப்போது உள்ளே என்ன இருக்கிறது என்று அந்தப் பசங்களுக்கே தெரியாது. வீட்டில் குழந்தை இருந்தால் இது அவர்களுக்கும் ஆபத்து.

ஈரக் கையும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும்

வெட் வேக்கம் மெஷின் ஒன்று 1,500 வாட் என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் அது இழுப்பது ஆறரை ஆம்ப். டி.வி. பக்கத்தில் இருக்கும் சின்ன சாக்கெட் தாங்குவது 6 ஆம்ப். ஃப்ரிட்ஜ், கீசருக்குக் கொடுத்திருக்கும் 16 ஆம்ப் பாயின்ட்டில்தான் இதைச் சொருக வேண்டும். சின்ன சாக்கெட்டில் போட்டால் பிளக் சூடாகி உருகும். பிளக் பின் பொருந்தவில்லை என்று ஒயரை உரித்துத் தீக்குச்சி வைத்துச் சொருகும் வேலையும் இன்னும் நடக்கிறது. வெறுங்காலோடு ஈர கார்பெட்டில் நின்றுகொண்டு இதைச் செய்வதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும்.

ஈரமான தோல் மின்சாரத்தைச் சுலபமாக உள்ளே விடும். வீட்டில் உள்ள சாதாரண எம்.சி.பி. ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும்தான். ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. அது எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நம்ப முடியாது. அதனால் அதே பாதுகாப்பு உள்ள, கையில் எடுத்துச் செல்லும் பிளக்கைக் கிளீனிங் நிறுவனமே கொடுத்தனுப்புவது நல்லது. எர்த் பின்னை வெட்டிய பிளக், டேப் சுற்றிய ஒயர் இரண்டும் தெரிந்தால் வேலையை ஆரம்பிக்கவே விடாதீர்கள்.

என்95 போட்டிருக்காங்களே, போதாதா?

போதாது. என்95 தூசியைத்தான் தடுக்கும். பழைய கார்பெட்டை உதறும்போது வரும் தூசிப் பூச்சிக் கழிவு, பூஞ்சை இதற்கெல்லாம் சரி. ரசாயன ஆவி அதில் நிற்காது. அதற்குக் கரி வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும். ஓட்டலில் போடும் மெல்லிய பாலிதீன் கிளவுஸும் கணக்கில் சேராது. பெரும்பாலான கிளீனிங் லிக்விடுகளுக்குத் தடிமனான நைட்ரைல் கிளவுஸ் தாங்கும். சில கரைப்பான்களுக்கு அதுவும் தாங்காது என்பதால் தகவல் தாளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த சென்னையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் ஊறிய கார்பெட்டில் சாக்கடையும் சேர்ந்திருக்கும், எலிக்காய்ச்சல் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு. 24 முதல் 48 மணி நேரத்தில் காயவில்லை என்றால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். கழுவித் தரச் சொல்லி ஒருவரை அதில் இறக்குவதைவிடத் தூக்கிப் போடுவதே மேல். நனைந்த கார்பெட்டை ஒற்றை ஆளாக மாடியில் இருந்து இறக்கச் சொல்வதும் வேண்டாம். இந்த வேலையில் முதுகு போனவர்கள் நிறைய.

அடிபட்டால் யார் பொறுப்பு?

வேலை நடப்பது உங்கள் வீட்டில் என்றாலும் முதலாளி நீங்கள் அல்ல. ஆளை வேலைக்கு வைத்து அனுப்பிய நிறுவனம்தான் பொறுப்பு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2020, பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குப் பொருந்தும். பணி நியமனக் கடிதம் கட்டாயம். பாதுகாப்புக்காகச் செய்யும் எதற்கும் ஊழியரிடம் காசு பிடிக்கக் கூடாது. அதாவது, கிளவுஸ் காசைச் சம்பளத்தில் கழிப்பது தப்பு. என்ன ரசாயனம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமையும் ஊழியருக்கு உண்டு.

10 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள இடத்தில், மாதச் சம்பளம் ரூ.21,000 வரை வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. ஆனால் சிக்கல் எங்கே என்றால், இந்தத் தொழிலில் பாதிக்கடை மூணு நாலு பேரோடு ஓடுவது. ஆப் வழியாக வருபவர்களோ 'ஊழியர்' இல்லை, 'பார்ட்னர்' என்றுதான் கணக்கில் இருப்பார்கள். இவர்களைச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் கிக் தொழிலாளர் என்கிறது. ஆப் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டிலும் கிக் தொழிலாளர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. இதெல்லாம் நலத்திட்டத்துக்கு உதவும். இன்றைக்கு மதியம் வேலைக்குப் போகும் தம்பியின் கையில் கிளவுஸ் இருக்கிறதா என்று யார் பார்ப்பது என்ற கேள்விக்கு இதில் பதில் இல்லை.

ஏதாவது ஆகிவிட்டால்?

நெடி ஏறி இருமல், மூச்சுத் திணறல் வந்தால் முதலில் எல்லோரும் வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். பாட்டிலை எடுக்கத் திரும்ப உள்ளே ஓடக் கூடாது. கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. ஷாக் அடித்தவரைத் தொடுவதற்கு முன் மெயின் ஸ்விட்சை ஆஃப் செய்ய வேண்டும். பிறகு 108. வாயுவை அதிகம் சுவாசித்தவர் "இப்ப பரவால்லைக்கா" என்று கிளம்பப் பார்ப்பார், விடாதீர்கள். நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்தும் நடக்கலாம். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது எந்தெந்த லிக்விட் கலந்தது என்பதைச் சொல்லுங்கள். பாட்டில் லேபிளின் போட்டோ போனில் இருந்தால் டாக்டருக்கு நேரம் மிச்சம்.