பெட்டியடியில் கற்ற கணக்கு

மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று 51 மாடிக் கட்டடம் ஒன்று வானளாவ நிற்கிறது. மதிய உணவுக்கு அதன் வாசலைக் கடந்து விரையும் வங்கி ஊழியர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், இதே தெருவில் ஒரு காலத்தில் தமிழிலேயே பேரேடு எழுதிய வட்டிக்கடைகள் வரிசையாக இருந்தன என்று? கடன் கொடுத்த அந்த இடங்கள் பள்ளிக்கூடமாகவும் இருந்தன. அங்கே கரும்பலகை இல்லை, மணி அடிப்பதில்லை, சான்றிதழும் இல்லை. மாணவர்கள் மீசை முளைக்காத சிறுவர்கள். செட்டிநாட்டுக் கிராமங்களிலிருந்து நாகப்பட்டினம் வந்து கப்பலேறியவர்கள்.

நாட்டுக்கோட்டை நகரத்தார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டனர். தேங் ரோட்டில் தண்டாயுதபாணி கோயிலுக்கு அவர்கள் 1859ஆம் ஆண்டு குடமுழுக்குச் செய்தனர். கோயிலுக்கு அடுத்து அவர்களுக்கு முக்கியமான இடம் கிட்டங்கி. நீளமான கூடம் ஒன்று. அதில் ஒவ்வொரு விலாசத்துக்கும், அதாவது ஒவ்வொரு நிறுவனத்துக்கும், சில அடி அகல இடம். ஒரு மரப்பெட்டி, ஒரு சாய்வு மேசை, உட்காரப் பாய். பகலில் அதுவே அலுவலகம், இரவில் அதுவே படுக்கை. சாப்பாடும் கிட்டங்கியிலேயே நடந்தது.

அந்தப் பெட்டியின் அருகில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் கடைநிலைப் பயிற்சியாளனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். அவனுக்கு மேலே அடுத்தாள். அவருக்கும் மேலே மேலாள், அதாவது ஊரில் இருக்கும் முதலாளியின் முகவர். பையன் விடியும் முன் எழ வேண்டும். இடத்தைப் பெருக்க வேண்டும். அஞ்சலகத்துக்கும் வங்கிக்கும் ஓட வேண்டும், கடன்காரர் வீட்டுக்குப் போய் வட்டி கேட்டு நிற்க வேண்டும். அடுத்தாள் சொல்லச் சொல்லக் கடிதம் எழுத வேண்டும். தெருவில் பேச மலாய் கற்க வேண்டும். இரவில் பெட்டியில் உள்ள ரொக்கமும் ஏட்டில் உள்ள தொகையும் ஒத்துப்போக வேண்டும். ஒரு காசு உதைத்தாலும் விளக்கு அணையாது.

ஊரில் இருக்கும்போதே அடித்தளம் போடப்பட்டிருக்கும். திண்ணைப் பள்ளியில் எண்சுவடி மனப்பாடம். கால், அரை, முக்கால் என்பதோடு நிற்காது. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. இன்று கணிப்பொறியை நம்பும் நமக்கு இது வேண்டாத சுமையாகத் தோன்றலாம். ஆனால் நாள் கணக்கில் வட்டி போடுகிறவனுக்குப் பின்னம் பிசகினால் முதல் பிசகும். மனத்திலேயே வட்டி கணக்கிட்டுச் சொன்ன சிறுவர்களைக் கண்டு வெள்ளைக்கார அதிகாரிகள் வியந்ததில் வியப்பில்லை.

மூன்றாண்டு ஒரு கணக்கு. அந்தக் காலத்துக்கான சம்பளம் முன்கூட்டியே பேசி எழுதப்படும். அதில் ஒரு பகுதி புறப்படும் முன்பே வீட்டுக்குப் போய்விடும். தவணை முடிந்ததும் ஊர் திரும்பலாம். மீண்டும் வரும்போது பையன் அடுத்தாளாகலாம், பிறகு மேலாளாகலாம், லாபத்தில் பங்கும் கிடைக்கலாம். போதிய முதல் சேர்ந்தால் சொந்த விலாசம் போடலாம். பணக்கார வீட்டுப் பிள்ளையும் பெட்டியடியில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது இந்த முறையின் பெருமை. அதன் விலையையும் சொல்லத்தான் வேண்டும். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயைப் பிரிந்த பையன், மூன்று ஆண்டு அவள் முகத்தைப் பார்க்க மாட்டான். மணமான மேலாள் மனைவியை ஊரில் விட்டு வந்தார். அந்தப் பெண்களுக்கும் கணக்கு தெரியும், வீட்டு வரவு செலவை அவர்கள்தாம் பார்த்தனர். ஆனால் பெட்டியடியில் அவர்களுக்கு இடம் இருந்ததில்லை.

வேறு சாதிப் பிள்ளைகளுக்கும் இருந்ததில்லை. அதே கப்பலில் தோட்ட வேலைக்கும் துறைமுக வேலைக்கும் வந்த உழவர் வீட்டு இளைஞர்கள் ஏராளம். மண்ணைப் படித்தவர்கள் அவர்கள். வட்டி எப்படி வளரும் என்பதை அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? கடன் சீட்டில் கைநாட்டு வைத்த பிறகுதான் பாடம் தொடங்கியது.

இதன் கொடிய வடிவம் பர்மாவில் தெரிந்தது. ஐராவதி வடிநிலத்தில் காட்டை வயலாக்கிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் செட்டியார்களே. 1930இல் உலகப் பொருளியல் மந்தம் வந்து நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, ஈடு வைத்த நிலம் கைமாறியது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை, 1938இல் 25 விழுக்காட்டை எட்டியது. செட்டியார்கள் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணமாகக் கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது உண்மைதான். நிலத்தை இழந்தவனுக்கு அது ஆறுதலாகுமா?

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இதற்கு மாற்றாக வந்தது கூட்டுறவு. மலாயாக் கூட்டரசு மாநிலங்களில் 1922ஆம் ஆண்டு கூட்டுறவுத் துறை தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் 1925ஆம் ஆண்டு அரசாங்க ஊழியர்கள் சிக்கன நாணயச் சங்கம் அமைத்தனர். வட்டிக்கடைக்குப் போகாமல் தங்களுக்குள் சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, தாங்களே ஏடு பார்ப்பது அதன் நோக்கம். கிட்டங்கியில் ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லிக் கொடுத்ததைக் குமாஸ்தாக்கள் தாங்களாகவே கற்கத் தொடங்கினர் என்று சொல்லலாம்.

சிராங்கூன் சாலைக்கு வந்தால் கதை வேறு. அங்கே பெட்டிக்குப் பதில் கல்லாப்பெட்டி. 1905ஆம் ஆண்டு தமிழ்நாட்டிலிருந்து கையில் காசில்லாமல் சிங்கப்பூர் வந்த பெ.கோவிந்தசாமி பிள்ளை, சிராங்கூன் சாலை மளிகைக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். மூட்டை தூக்கி, எடை போட்டு, வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பழகிய இடமே அவருக்கும் பள்ளி. பின்னாளில் செட்டியாரிடம் கடன் வாங்கி அந்தக் கடையையே வாங்கினார். ‘பி.ஜி.பி.’ கடைகள் பெருகின. பெருமாள் கோயில் திருமண மண்டபம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. 1980இல் அவர் காலமானார். வட்டிக்கடை ஒருவனை முடக்கவும் செய்யும், தூக்கிவிடவும் செய்யும் என்பதற்கு அவர் கதையே சான்று. கடன் வாங்கும்போது கடை நடத்தும் கணக்கு அவருக்கு ஏற்கெனவே அத்துப்படியாகி இருந்தது. வாங்கிய கடன் அவரை விழுங்காததற்கு அதுவே காரணம்.

பெட்டியடிப் பள்ளிக்கு முதல் அடி ஜப்பானியர் ஆட்சியில் விழுந்தது. பழைய கடனைப் பலர் வாழைமர நோட்டில் கட்டினர். 1945இல் அந்த நோட்டு வெறும் காகிதமானது. அடுத்த அடி 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம். ஊரிலிருந்து புதுப் பையன்களைக் கொண்டுவருவது அதன்பின் மிகவும் கடினமாயிற்று. இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவர்களின் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். மருத்துவமும் சட்டமும் கணக்கியலும் படித்தார்கள். பெட்டியின் அருகே பாயில் உட்கார ஆள் இல்லை. அஞ்சலகத்துக்கு மேலாளே நடக்க வேண்டியதாயிற்று.

நகரச் சீரமைப்பில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகள் இடிபட்டன. 1984இல் அங்கே கோல்டன் ஷூ கார்நிறுத்தக் கட்டடம் எழுந்தது. பல மாடி, கீழே உணவுக்கடைகள். 2017இல் அதையும் இடித்த இடத்தில்தான் இன்றைய 51 மாடி நிற்கிறது. தைப்பூசத்துக்கு முதல் நாள் தேங் ரோட்டிலிருந்து முருகனின் வெள்ளி ரதம் கியோங் சைக் சாலை விநாயகர் கோயிலுக்குப் புறப்படுகிறது. வங்கிக் கோபுரங்கள் நிறைந்த நகர மையத்தின் வழியே வரும் அந்த ரதத்தின் பின்னால் வேட்டி கட்டிக்கொண்டு நடப்பவர்களில் சிலரின் தாத்தாக்கள், மார்க்கெட் ஸ்திரீட்டில் பெட்டியடிப் பையன்களாக இருந்தவர்கள்.