மாலைக்கண்ணும் மச்சான் உறவும்

கல்முனையிலிருந்து மேற்கே, கிட்டங்கி வழியாக நீரைக் கடந்தால் நாவிதன்வெளி. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் வயல் நாடு அது. அத்தகைய ஊர்களில், பொழுது சாய்ந்ததும் வரம்பில் கால் வைக்கத் தடுமாறும் பிள்ளைக்கு மாலைக்கண் என்று சொல்லிவிடுவது வழக்கம். அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நோய்கள் அடங்கியிருந்தன என்பது தெளிவாக நெடுங்காலம் சென்றது.

ஒன்று உணவுக் குறையால் வருவது. அதற்கு ஈரல் மருந்தென்பதைப் பண்டை எகிப்தியரே அறிந்திருந்தனர். உயிர்ச்சத்து ஏ கிடைத்ததும் பார்வை பெரும்பாலும் மீளும். மற்றொன்றோ எத்தனை ஈரல் உண்டாலும் அசையாதது. குடும்பத்தின் வழியே வருவது.

1851 ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை வெளியிட்டார். அதன்வழி நோக்கிய மருத்துவர், சிலரது விழித்திரையின் ஓரங்களில் எலும்புத் துணுக்குப் போன்ற கருநிறப் படிவுகளைக் கண்டனர். ஒல்லாந்தரான டொண்டர்ஸ் 1857 இல் இதனை நிறப்படிவு விழித்திரை அழற்சி என்றார். அழற்சி இந்நோயின் மூலகாரணம் அன்று. ஆயினும் தவறான பெயர் நிலைத்துவிட்டது.

விழித்திரையில் மங்கிய ஒளியைக் காணும் கோல்கள் ஏறத்தாழ 12 கோடி. முதலில் அழிபவை இவையே. எனவே இரவுப் பார்வை முன்னே போகும். பின்னர்ப் பக்கப் பார்வை ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். நடுப்பார்வை பலருக்கு நடுவயது வரை எஞ்சும். பகலில் ஊசியில் நூல் கோப்பவர், காலடியிலுள்ள குடத்தில் இடறுவார். கண்டவர்கள் அதைப் பாசாங்கு என்பர். நோயினும் கொடியது அவ்வசை. ஈற்றில் கூம்புகளும் அழிய, நடுப்பார்வையும் மங்கும்.

1861 இல் பெர்லின் நகரில் லீப்ரைக் என்ற மருத்துவர், இந்நோயுற்றோருட் பலர் உறவினர் மணத்திற் பிறந்தோர் என்று கண்டார். இச்செய்தி கீழைக்கரைக்கு நெருக்கமானது. அங்கே இரு சமூகத்தாரிடமும் தாய்வழிக் குடிமுறை உண்டு. ஒரே குடிக்குள் மணம் இல்லை. தாயின் சகோதரி மகள் தங்கை. மாமன் மகளோ வேறு குடியினள், ஆதலால் மணத்துக்குரிய மச்சாள். குடிக் கணக்கு இவ்வாறு பிரித்தாலும், இயற்கையின் கணக்கில் இருவரும் ஒரே நெருக்கமே. இருவரிடமும் எட்டில் ஒரு பங்கு பரம்பரையலகுகள் பொதுவாயிருக்கும்.

உறவு மணம் நோயை உண்டாக்குவதில்லை. மறைந்திருக்கும் பழுது இருவழியும் சந்திக்க இடமளிக்கிறது. சந்தித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. பெற்றோர் இருவரும் நல்ல பார்வையினராகவே இருப்பர். உறவற்றோர் பிள்ளைகளுக்கும் இந்நோய் வருவதுண்டு. 1990 இல் முதன்முதலாக இனங்காணப்பட்ட ரொடொப்சின் பழுது, பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதுமானது.

இலங்கையில் 1961 இல் தொடங்கிய கண்தானச் சங்கம் உலகப் புகழ் பெற்றது. ஆயினும் தானக் கண்ணிலிருந்து பொருத்தப்படுவது முன்புறக் கருவிழிப் படலமே. பின்னுள்ள விழித்திரை அன்று. 2017 இல் அமெரிக்காவில் ஒரு பரம்பரையலகு மருத்துவத்துக்கு அனுமதி கிடைத்தது. எண்பதுக்கும் மேற்பட்ட பரம்பரையலகுகள் இந்நோய்க்குக் காரணமாகலாம்; அம்மருந்து அவற்றுள் ஒன்றன் பழுதுக்கே உரியது. அதுவும் விழித்திரையில் உயிருள்ள கலங்கள் எஞ்சியிருக்கும்போதே செலுத்தப்படல் வேண்டும்.