ஒற்றர் என்னும் பழி: வஹகோட்டையும் கண்டி இராச்சியத்தின் அரசியலும்

மாத்தளை மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கலேவலைக்கு அண்மையில் அமைந்துள்ள வஹகோட்டை இலங்கைக் கத்தோலிக்கர் நன்கறிந்த கிராமமாகும். அங்குள்ள புனித அந்தோனியார் திருத்தலத்தை நாடி நாட்டின் பல பாகங்களிலிருந்தும் யாத்திரிகர் செல்வர். பௌத்தர் பெரும்பான்மையினராக வாழும் கண்டிப் பிரதேசத்தின் உட்பகுதியில், சிங்களம் பேசும் கத்தோலிக்க சமூகமொன்று நூற்றாண்டுகள் பலவாக நிலைத்திருப்பது வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியது. தம் முன்னோருள் போர்த்துக்கேயரும் இருந்தனர் என்பது அவ்வூரவர் பேணிவரும் மரபு. போர்த்துக்கேயரோ கரையோரத்தை ஆண்டு, கண்டியுடன் இடையறாது பொருதியவர்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் கண்டி மன்னனின் நாட்டினுள் எவ்வாறு குடியமர்ந்தனர்?

இவ்வினாவுக்கு விடை தேடுவோர் பதினேழாம் நூற்றாண்டின் அரசியல் வஞ்சனைகள் சிலவற்றை ஆராயாது மேற்செல்ல இயலாது. அக்காலத்துச் சான்றுகளுட் பெரும்பாலானவை ஒல்லாந்தக் கும்பனியின் அலுவலர், கத்தோலிக்க மறைபரப்பாளர் ஆகியோர் தத்தம் மேலிடங்களுக்கு எழுதிய கடிதங்களாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நோக்கமுண்டு. ஓர் ஒற்றன் கொணரும் செய்தியை வேறோர் ஒற்றனைக்கொண்டு ஆராய்ந்தே அரசன் ஏற்கவேண்டும் என்பது திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் தரும் அறிவுரை. அரசனுக்குக் கூறப்பட்ட அவ்வறிவுரை வரலாற்றாசிரியனுக்கும் பொருந்தும்.

உடன்படிக்கையில் விடுபட்ட சொற்கள்

1638ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இரண்டாம் இராஜசிங்கனின் படை கண்டிக்கு அண்மையிலுள்ள கன்னொறுவையிற் போர்த்துக்கேயப் படையைப் பெரிதும் அழித்தது. எனினும் கடற்படையற்ற மன்னன் கரையோரக் கோட்டைகளைத் தனித்துக் கைப்பற்ற முடியாதவனாயினான். எனவே ஒல்லாந்தரின் துணையை நாடினான். அவ்வாண்டு மே மாதத்தில் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் வெஸ்டர்வோல்ட் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினான். மே 23ஆம் நாள் அங்கேயே இரு தரப்பினரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். போரின் செலவை மன்னன் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்வதென்றும், யானை தவிர்ந்த வாணிகத்தில் ஒல்லாந்தருக்குத் தனியுரிமை வழங்குவதென்றும் இசைவு ஏற்பட்டது.

சிக்கல் கோட்டைகள் பற்றிய வாசகத்தில் இருந்தது. போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிறுத்தப்படும் என்பது அதன் பொருள். ஆனால் மன்னனிடம் இருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னர் அவ்வாறு விரும்பின் என்னும் கருத்துடைய சொற்கள் காணப்பட்டன. ஒல்லாந்தர் பத்தாவியாவிலிருந்த தம் தலைமைக்கு அனுப்பிய படியில் அச்சொற்கள் இடம்பெறவில்லை. ஒரு படியின்படி கோட்டைகள் மன்னனுடையவை. ஒல்லாந்தர் அவன் அழைத்தால் நிற்கும் காவலர். மற்றப் படியின்படி ஒல்லாந்தர் அங்கு நிற்பது அவர்தம் உரிமை. இவ்வேறுபாட்டையும் அதனால் விளைந்தவற்றையும் பேராசிரியர் கே. டபிள்யூ. குணவர்தன 1958இல் வெளியிட்ட, இலங்கையில் ஒல்லாந்த ஆதிக்கத்தின் தோற்றம் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

இத்தகைய வஞ்சனை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1889இல் இத்தாலியும் எதியோப்பியாவும் செய்த வுச்சாலே உடன்படிக்கையின் பதினேழாம் வாசகம் அம்ஹாரிய மொழியில் ஒரு பொருளையும் இத்தாலிய மொழியில் வேறொரு பொருளையும் தந்தது. எதியோப்பிய மன்னன் விரும்பினால் இத்தாலி வழியாகப் பிறநாடுகளுடன் தொடர்புகொள்ளலாம் என்பது முன்னது; அவ்வாறே செய்தல் வேண்டும் என்பது பின்னது. அப்பிணக்கு 1896இல் அட்வாப் போரில் முடிந்தது. 1840இல் நியூசிலாந்தில் ஆங்கிலேயரும் மாவோரி மக்களும் செய்த வைத்தாங்கி உடன்படிக்கையின் ஆங்கிலப் படியும் மாவோரிப் படியும் ஆட்சியுரிமை பற்றி வேறுபடுகின்றன. முழுப் பொய்யொன்றைப் புனைவதைவிட, ஒரு சொற்றொடரை விடுத்தும் திரித்தும் எழுதுவது பேரரசுகளுக்கு எளிதாயிற்று.

பணிவு என்னும் திரை

1640இற் காலிக் கோட்டை வீழ்ந்தபோது ஒல்லாந்தர் அதனைத் தம்மிடமே வைத்துக்கொண்டனர். போர்ச்செலவு இன்னும் தீர்க்கப்படவில்லை என்பது அவர்கள் கூறிய நியாயம். 1656 மே மாதத்திற் கொழும்பு சரணடைந்தது. சரண் விதிகளை ஒல்லாந்தரும் போர்த்துக்கேயருமே வகுத்துக்கொண்டனர். மன்னனின் படைகள் முற்றுகையிற் பங்குகொண்டிருந்தும் கோட்டைக் கதவுகள் அவனுக்கு அடைக்கப்பட்டன. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்னும் சிங்களப் பழமொழி, போர்த்துக்கேயரை நீக்கி ஒல்லாந்தரைப் பெற்ற இந்நிகழ்ச்சியையே குறிப்பதாகக் கூறுவர்.

இதற்குப் பின்னரும் ஒல்லாந்தத் தேசாதிபதிகள் கண்டி மன்னனுக்கு எழுதிய கடிதங்களில் தம்மை அவனது பணியாளராகவும், கொழும்பை அவனது கோட்டையாகவும் குறிப்பிட்டனர். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தேசாதிபதியாக இருந்த லோறன்ஸ் பைலின் கடிதங்கள் இத்தகைய பணிவுரைக்குப் பெயர்பெற்றவை. கறுவா உரிப்போர் கண்டியின் எல்லைக்குள்ளும் தடையின்றிச் செல்லவேண்டியிருந்தமையால் மன்னனின் நல்லெண்ணம் கும்பனிக்கு இன்றியமையாததாயிற்று. சொல்லில் மன்னனின் இறைமை. செயலிற் கும்பனியின் ஆட்சி. கரையோரத்தின் மீதான கும்பனியின் இறைமையைக் கண்டி வெளிப்படையாக ஏற்குமாறு செய்யப்பட்டது 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே ஆகும். அதுவும் போரின் வலிமையாற் பெறப்பட்டது.

அடைக்கலம் பெற்றோர்

1638ஆம் ஆண்டு உடன்படிக்கையில் வேறொரு வாசகமும் உண்டு. உரோமன் கத்தோலிக்கக் குருமார் குழப்பங்களுக்குக் காரணமானவர்கள் என்றும், மன்னன் அவர்களைத் தன் நாட்டில் இருக்கவிடலாகாது என்றும் அது விதித்தது. ஒல்லாந்தர் தம் ஆட்சிப்பகுதியிலும் இதையே சட்டமாக்கினர். 1658 செப்டெம்பரில் வெளியிடப்பட்ட கட்டளை, கத்தோலிக்கக் குருமாருக்கு இடமளிப்போருக்கு மரணதண்டனை விதித்தது. அவ்வாண்டில் யாழ்ப்பாணத்திற் சதியொன்று கண்டுபிடிக்கப்பட்டதாகக் கூறி ஒல்லாந்தர் சிலரைக் கொன்றனர். அவர்களுள் இயேசு சபைக் குரு ஒருவரும் இருந்தார். அச்சதி பற்றிய செய்தியை விரிவாக எழுதிவைத்தவர் ஒல்லாந்த மதகுருவான பல்தேயு என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது. கத்தோலிக்கன் எனின் போர்த்துக்கேயரின் கையாள் என்னும் சமன்பாடு இவ்வாறு அரசின் கொள்கையாயிற்று.

தன்னை ஏமாற்றியவர்களின் விருப்பத்தை நிறைவேற்றும் கடப்பாடு இராஜசிங்கனுக்கு இருக்கவில்லை. கொழும்பு வீழ்ந்தபின் அங்கிருந்து வெளியேறிய போர்த்துக்கேயர் பலருக்கும் அவர்தம் குடும்பத்தினருக்கும் அவன் தன் நாட்டில் இடமளித்தான். ருவன்வெல்லையில் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். 1660 முதல் 1679 வரை கண்டியிற் சிறைவாழ்வு வாழ்ந்த ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், மன்னனின் நாட்டில் வாழ்ந்த போர்த்துக்கேயரைக் குறிப்பிட்டுள்ளார்.

வஹகோட்டை மக்களின் தோற்றம் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட மரபுகள் உள. 1630இல் ரந்தெனிவெலவிலும் 1638இற் கன்னொறுவையிலும் சிறைப்பட்ட வீரரின் வழியினர் என்பது ஒன்று. ருவன்வெல்லையில் அடைக்கலம் பெற்றோரின் வழியினர் என்பது மற்றொன்று. இவை ஒன்றையொன்று மறுப்பனவல்ல. போர்ச்சிறைவாசியரும் அகதிகளும் உள்ளூர்ப் பெண்களை மணந்து, காலப்போக்கில் மொழியாலும் வாழ்க்கைமுறையாலும் கண்டி மக்களுடன் கலந்தனர் என்பதே பொருத்தமான விளக்கமாகும். மொழி மறைந்தது, சமயம் நிலைத்தது. ஒரு வாசகத்திற் சில சொற்கள் விடுபட்டதன் விளைவாகச் சினங்கொண்ட மன்னன் தன் பழைய பகைவருக்கு அளித்த அடைக்கலமும் இக்கிராமத்தின் தோற்றத்திற்கு ஒரு காரணமாயிற்று எனலாம்.

ஒற்றர் என்னும் குற்றச்சாட்டு

அடைக்கலம் பெற்ற மக்களுக்குக் குருமார் இலர். இக்குறையை நீக்க முன்வந்தவர் கோவாவைச் சேர்ந்த யோசேவ்வாஸ் அடிகளார். 1687இல் அவர் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து, தமிழ் கற்று, சில்லாலையை நடுவாகக்கொண்டு மறைவிற் பணியாற்றினார். ஒல்லாந்தரின் அடக்குமுறை கடுமையானதும் கண்டி மன்னனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். 1692இற் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறைவைக்கப்பட்டார். குற்றஞ்சாட்டியவர் லனரோல் என்னும் பிரெஞ்சுக்காரர். 1672இற் பிரெஞ்சுக் கடற்படையின் தூதராக வந்து, அரசவை மரபை மீறினார் என்பதற்காக இராஜசிங்கனாற் தடுத்துவைக்கப்பட்டவர் அவர், புரட்டஸ்தாந்தர் எனப்படுபவர். அந்நியன் என்பதாற் துன்புற்ற ஒருவரே மற்றொருவரை அந்நியரின் கையாள் எனச் சுட்டியமை இங்கு காணப்படும் முரண்.

இச்செய்தி பெரும்பாலும் மறைபரப்பாளரின் எழுத்துக்கள் வாயிலாகவே கிடைக்கின்றது என்பதை மறத்தலாகாது. அடிகளாரின் புனிதத்தை விளக்கும் நோக்குடைய அவ்வெழுத்துக்களில் லனரோல் வெறும் பகைவராகவே தோன்றுகிறார். மன்னனின் நிலையில் நின்று நோக்கின், போர்த்துக்கேய மன்னரின் குடிமகன் ஒருவர் வேடம் பூண்டு நாட்டினுட் புகுந்திருந்தமை ஐயத்துக்கு இடமளிக்கக்கூடியதே. பரப்புரை வலிமை பெறுவது இத்தகைய இடங்களிலேதான். வேடம் உண்மை, ஒற்று வேலை பொய். முன்னதைக் காட்டிப் பின்னதை நம்பச்செய்தல் எளிது.

ஆயினும் இரண்டாம் விமலதர்மசூரியன் குற்றச்சாட்டை அப்படியே ஏற்று அவரைக் கொல்லவில்லை. காவலில் வைத்து அவரது நடத்தையைக் கவனிக்கச் செய்தான். காலப்போக்கிற் காவல் தளர்ந்தது. வறட்சிக் காலத்தில் அடிகளாரின் வேண்டுதலால் மழை பெய்தது எனக் கத்தோலிக்க மரபு கூறும். 1697இல் அம்மை நோய் பரவியபோது கைவிடப்பட்டோரை அவர் பராமரித்தமை மன்னனின் மதிப்பை உயர்த்தியது. ஒரு மொழியை மறுமொழியால் ஆராய்தல் என்னும் நெறி இங்கு ஓர் உயிரைக் காத்தது. 1711 சனவரி 16ஆம் நாள் கண்டியில் அடிகளார் மறைந்தார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பழி இடம் மாறுதல்

இப்பொறுமை எக்காலத்தும் நீடிக்கவில்லை. 1739இல் முதலாவது நாயக்க மன்னனாக அரியணையேறிய ஸ்ரீ விஜய இராஜசிங்கனின் காலத்திற் குருமார் கண்டியிலிருந்து வெளியேற்றப்பட்டனர், ஆலயங்கள் இடிக்கப்பட்டன. சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் பல இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் சமய விவாத நூல்கள் எழுப்பிய சினம் இதற்கான காரணமாகக் கூறப்படும். தென்னிந்தியாவிலிருந்து வந்த அரசமரபொன்று பௌத்தத்தின் காவலனாகத் தன்னை நிலைநாட்டவேண்டிய தேவையும் கருதத்தக்கது. அந்நியன் என ஐயுறப்படக்கூடிய மன்னன் வேறு அந்நியரை வெளியேற்றித் தன் உள்ளுரிமையை மெய்ப்பிக்க முயன்றான் எனலாம். வஹகோட்டை மக்களோ போக்கிடம் அற்றவர். அவர்களுக்குக் கண்டியே தாய்நாடு. குருமாரின்றியும் தம் வழிபாட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தனர்.

அதே பழி இறுதியில் நாயக்க மரபையே வந்தடைந்தது. 1815ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட கண்டி ஒப்பந்தம் ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கனின் கொடுமைகளை மட்டும் காரணமாகக் காட்டி நின்றுவிடவில்லை. மலபார் இனத்தவருக்குக் கண்டி அரசில் உள்ள உரிமை முற்றாக ஒழிக்கப்பட்டதென்றும், மன்னனின் ஆண் உறவினர் பகைவர் என்றும் அது பிரகடனஞ் செய்தது. மன்னனின் கொடுமைகள் பற்றிய செய்திகளை ஆங்கிலேயர் தம் நோக்கத்துக்கேற்பப் பயன்படுத்தினர். அவற்றுள் உண்மையும் உண்டு, மிகைப்படுத்தலும் உண்டு. ஆனால் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு ஆண்ட மரபொன்றை அந்நியர் எனக் கூறி நீக்கியவர்கள், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது.

1638 முதல் 1815 வரையான இந்நிகழ்ச்சிகளை ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அந்நியன், ஒற்றன், கையாள் ஆகிய சொற்கள் ஆளைச் சுட்டுவதிலும், சுட்டுவோரின் தேவையையே பெரிதும் சுட்டுகின்றன. கத்தோலிக்கன், மறைபரப்பாளன், நாயக்கன் என அவை சென்றடைந்த இடங்கள் மாறின. அவற்றின் பயன் மாறவில்லை. ஒரு சமூகத்தின் மீது இச்சொற்கள் வீசப்படும் போதெல்லாம், கூறுபவர் யார், அவர் மறைத்த வாசகம் எது, மற்றப் படி எங்குள்ளது என வினவுதல் கற்றோரின் கடமையாகும். அவ்வாறு வினவப்படாத இடத்திற் பழியே வரலாறாகிவிடும். வஹகோட்டையின் முன்னோரைப் பகைவராக எண்ணிப் போரிட்ட மன்னனே அவர்களுக்கு நிலமும் அடைக்கலமும் அளித்தான். அவர்களின் சந்ததியினர் அந்நிலத்தின் மக்களாயினர். ஒல்லாந்தரின் படியில் விடுபட்ட சொற்களைத் தேடுவோர் ஆவணக் காப்பகங்களை மட்டுமன்றி இத்தகைய ஊர்களையும் சான்றாகக் கொள்ளவேண்டும்.