ஊசியால் எழுதிய சரித்திரம்

போலந்து தேசத்துச் சிற்றூர்களில் பல தலைமுறைகளாக வாழ்ந்த யூத மக்களுக்குத் தையல் பெரியதொரு ஜீவனோபாயமாக இருந்தது. 1927-இல் ம்னிஷெக் என்ற கிராமத்தில் பிறந்த எஸ்தர் நிசென்தாலும் அவ்வழக்கப்படி சிறு வயதிலேயே தையற்காரி ஒருத்தியிடம் தொழில் பயின்றவள்தான். அந்தக் கைத்தொழிலே பிற்காலத்தில் ஒரு குடும்பத்தின் சரித்திரத்தைத் தாங்கி நிற்கும் என்று அன்று யார்தான் நினைத்திருக்க முடியும்?

1942 அக்டோபர் 15-ஆம் தேதி, அவ்வட்டாரத்து யூதர்கள் யாவரும் கிராஸ்னிக் ரயில் நிலையத்துக்கு வந்து சேரவேண்டும் என்று ஜெர்மானியர் ஆணையிட்டபோது, பதினைந்தே வயது நிரம்பிய எஸ்தர் போக மறுத்து, தங்கை மானியாவை அழைத்துக்கொண்டு பிரிந்தாள். தாய் தந்தையரையும் சகோதரனையும் மற்ற இரு தங்கையரையும் அதன் பின் அவள் காணவேயில்லை. சகோதரிகள் இருவரும் கத்தோலிக்கக் குடியானவப் பெண்களாக வேஷம் பூண்டு, கிராபூவ்கா என்னும் ஊரில் பண்ணை வேலை செய்து பிராணனைக் காத்துக்கொண்டார்கள்.

யுத்தம் முடிந்து, அகதி முகாமில் மாக்ஸ் கிரினிட்ஸ் என்பவரை மணந்து, 1949-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்த எஸ்தர் அம்மையார் அங்கே தையலைக் கொண்டே பிழைத்தார். தாம் பட்டதையெல்லாம் பெண்மக்கள் இருவருக்கும் வாய்மொழியாகச் சொல்லிவந்தும், தாம் பிறந்த வீட்டை அவர்கள் கண்ணால் காணவேண்டும் என்ற தாபம் மட்டும் தணியவில்லை. சித்திரக்கலை கற்றிராத அவர் 1977-இல், தமது ஐம்பதாவது வயதில், துணியை வெட்டி ஒட்டுத்தையல் போட்டு, பல வர்ண நூலால் பூவேலை செய்து அந்த வீட்டையும் வயலையும் உருவாக்கினார். இடையில் பல வருஷங்கள் ஓய்ந்திருந்த அந்தக் கை மறுபடி எழுந்தபோது ஆணை பிறந்த நாளும் பிரிந்த நாளும் ஒன்றன்பின் ஒன்றாகத் துணியில் ஏறின. அவற்றின் அடியில் நிகழ்ச்சியின் விவரத்தையும் அவரே எழுத்தெழுத்தாகத் தைத்துவைத்தார்.

அவற்றுள் என் மனத்தை விட்டு அகலாதது 1943 ஜூன் மாதத்துச் சம்பவம் ஒன்று. தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த எஸ்தரிடம் நாஜிச் சிப்பாய்கள் இருவர் வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். யூதர்களின் இத்திஷ் மொழி ஜெர்மனுக்கு நெருங்கிய உறவுடையதாதலால் அவர்கள் சொல்வது அவளுக்கு விளங்குகிறது. ஆனால் விளங்கிவிட்டதென்று முகத்தில் தெரிந்தால் உயிர் தப்பாது. வெறுமனே தலையை அசைத்துக்கொண்டு அவள் நிற்கையில், அருகிலிருந்த கூடுகளின் தேனீக்கள் திடீரென்று சிப்பாய்களை மொய்த்துக்கொள்ள, அவளை மட்டும் அவை ஏன் கொட்டவில்லை என்று கேட்டபடியே அவர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். சாவு எதிரே நின்ற அந்த நாளைத் தைக்கும்போதும் செடியையும் பூவையும் சுருக்காமல், தோட்டத்தை முழுப் பொலிவுடன் அமைத்திருக்கிறார். பயத்தினின்றும் மீண்ட மனத்தின் அடையாளமாகவே நான் இதைக் கருதுகிறேன்.

முப்பத்தாறு துணிச்சித்திரங்களை முடித்துவைத்து அம்மையார் 2001-இல் காலமானார். இரண்டாண்டு கழித்து அவருடைய பெண்மக்கள் ஒரு ஸ்தாபனம் நிறுவி, அச்சித்திரங்களைப் பல ஊர்க் காட்சிச்சாலைகளுக்கு எடுத்துச் சென்றதோடு, வேறு தேசங்களில் யுத்தத்துக்குத் தப்பி வந்த அகதிகளும் தத்தம் கதையைத் துணியில் தைக்க வழிசெய்தார்கள்.