பலபொருள் ஒருசொல்லும் கணினியும்

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தால் இந்த இடத்தில் எது பொருந்தும் என்று கணினி எப்படிக் கண்டுபிடிப்பது? இந்தக் கேள்வி இயந்திர மொழிபெயர்ப்புடனேயே பிறந்தது. அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளையில் பணியாற்றிய கணித அறிஞர் வாரன் வீவர், 1947இல் நார்பர்ட் வீனருக்கு எழுதிய கடிதத்தில், கணினியைக் கொண்டு மொழிபெயர்க்க முடியாதா என்று கேட்டிருந்தார். சொற்களின் எல்லை மொழிக்கு மொழி தெளிவில்லாமல் கலைந்து கிடக்கிறது, நடக்காது என்பதே வீனரின் பதில். வீவர் விடவில்லை. 1949 ஜூலையில் இதைப் பற்றி விரிவான குறிப்பொன்றை எழுதித் தமக்குத் தெரிந்த அறிஞர்களுக்கு அனுப்பினார்.

அந்தக் குறிப்பில் வீவர் சொன்ன வழி எளிமையானது. புத்தகத்தின் பக்கத்தை ஓர் அட்டையால் மூடி, ஒரே ஒரு சொல் தெரியும்படி துளை போட்டால், அந்தச் சொல்லின் பொருளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. துளையை இருபுறமும் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தினால், ஏதோ ஓர் இடத்தில் பொருள் பிடிபட்டுவிடும். எத்தனை சொல் அகலம் போதும் என்பதுதான் கேள்வி. அடுத்த ஆண்டே ஏபிரகாம் காப்லன் அதைச் சோதித்தார். மொழிபெயர்ப்பாளர்களிடம் சொற்களைத் துண்டு துண்டாகக் கொடுத்துப் பார்த்ததில், முன்னும் பின்னும் இரண்டிரண்டு சொற்கள் தெரிந்தாலே முழு வாக்கியமும் தெரிந்ததற்குச் சமமாக இருந்தது.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இது பழகிய செய்தி. தொல்காப்பியத்தின் கிளவியாக்கம், பலபொருள் ஒருசொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவாகும் என்கிறது. உரையாசிரியர்கள் இதற்கு ‘மா’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வார்கள். பூத்தது என்ற வினை வந்தால் அது மரம். மருத மரத்தோடு சேர்த்துச் சொன்னாலும் மரம். கவசம் அணிந்து நிற்பவன் ‘மா’வைக் கொண்டுவரச் சொன்னால் அது குதிரை. முதல் இரண்டும் வாக்கியத்துக்குள்ளேயே கிடைக்கும் தடயங்கள். மூன்றாவது அப்படியல்ல, போருக்குப் புறப்படுபவனுக்கு என்ன தேவை என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். கணினியாளர்கள் இடறி விழுந்ததும் அந்த மூன்றாவதில்தான்.

1954 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து ருஷ்ய வாக்கியங்களைக் கணினியால் மொழிபெயர்த்துக் காட்டியபோது செய்தித்தாள்கள் ஆரவாரித்தன. மொத்தம் 250 சொற்கள், 6 விதிகள். ஒரு சொல்லுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு ஆங்கிலச் சொற்கள். பொருள் மயக்கம் தீர்க்கப்படவில்லை, தவிர்க்கப்பட்டது. கேம்பிரிட்ஜில் மார்கரெட் மாஸ்டர்மேன் செய்துவந்தது இதைவிட ஆழமான வேலை. 1852இல் முதலில் வெளியான ரோஜேயின் சொற்களஞ்சியம், ஆங்கிலச் சொற்களைப் பொருள் அடிப்படையில் சுமார் 1000 தலைப்புகளில் அடுக்கியிருந்தது. ஒரு வாக்கியத்தின் சொற்கள் ஒவ்வொன்றும் எந்தெந்தத் தலைப்புகளின் கீழ் வருகின்றன என்று பார்த்து, பல சொற்களுக்கும் பொதுவாக விழும் தலைப்பின்படி பொருளைத் தேர்வது அவருடைய முறை. இனத்தால் பொருள் அறிவது என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

1960இல் விழுந்தது அடி. இயந்திர மொழிபெயர்ப்பை முழுநேரப் பணியாக ஏற்ற முதல் ஆய்வாளரான யெஹோஷுவா பார்-ஹில்லல், தம் துறைக்கு எதிராகத் தாமே சாட்சி சொன்னார். அவர் காட்டியது ஒரு குட்டிக் கதை: சிறுவன் ஜான் தன் பொம்மைப் பெட்டியைத் தேடுகிறான், கடைசியில் அது ‘பென்’னுக்குள் கிடைக்கிறது. ஆங்கிலத்தில் ‘பென்’ என்றால் பேனா. குழந்தை விளையாட அடைத்துவைக்கும் சிறு வேலியும் ‘பென்’தான். பெட்டி பேனாவுக்குள் அடங்காது என்பது படிப்பவருக்கு உடனே தெரியும். ஆனால் அந்த அறிவு அண்டைச் சொற்கள் எதிலும் இல்லை. எத்தனை பெரிய துளை போட்டாலும் கிடைக்காது. பொருட்களின் அளவு உட்பட உலகத்தைப் பற்றிய அத்தனை செய்திகளையும் கணினிக்கு ஊட்டுவது வெறும் கனவு என்று அவர் முடித்தார். அமெரிக்க அரசு அமைத்த ஆல்பாக் குழுவும் 1966இல் பாதகமாக அறிக்கை தர, அந்நாட்டில் பண உதவி வற்றிப்போனது.

அடுத்த 20 ஆண்டுகள் விதிகளைக் கையால் எழுதிய காலம். மாஸ்டர்மேனின் மாணவர் யோரிக் வில்க்ஸ், ஒவ்வொரு வினையும் எத்தகைய எழுவாயை விரும்பும் என்று குறித்துவைத்தார். குடிப்பது உயிருள்ளவற்றின் வேலை. ஆனாலும் கார் பெட்ரோல் குடிக்கிறது என்று வந்தால் அதைப் பிழையென்று தள்ளாமல், இருப்பதில் பொருத்தமானதை எடுத்துக்கொள்ளும்படி அவர் முறை அமைந்தது. நல்ல யோசனைதான், ஆனால் உழைப்பு மலையளவு. ஸ்டீவன் ஸ்மால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனி நிரல் எழுதப் புறப்பட்டார். எறிதல் என்று பொருள்படும் ‘த்ரோ’ என்ற ஒரு சொல்லுக்கே ஆறு பக்கம் ஓடியது. அதுவும் பத்து மடங்கு பெரிதாக இருந்திருக்க வேண்டுமாம்.

1986இல் மைக்கேல் லெஸ்க் சுருக்குவழி ஒன்றைக் கண்டார். விதிகளை ஏன் எழுத வேண்டும், அகராதியில் ஏற்கெனவே எழுதித்தானே இருக்கிறது? ‘கோன்’ என்றால் ஐஸ்கிரீம் கோனும் உண்டு, பைன் மரத்துக் காயும் உண்டு. ‘பைன்’ என்ற சொல்லுக்கு அகராதி தரும் விளக்கத்தில் பசுமை மாறாத மரம் என்று வருகிறது. ‘கோன்’ என்பதன் ஒரு விளக்கத்திலும் அதே சொற்கள் வருகின்றன. அதிகம் பொருந்துவதை எடு, அவ்வளவுதான். சரியாக அமைந்தது 50 முதல் 70 விழுக்காடு வரை. பெரிய வெற்றி அல்ல. ஆனால் யாரும் ஒரு விதிகூட எழுதவில்லை.

பிறகு அறிவின் ஊற்று அகராதியிலிருந்து உரைத்தொகுப்புக்கு மாறியது. கனடா நாடாளுமன்ற நடவடிக்கைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் பதிவாகின்றன. ஆங்கிலத்தில் ‘சென்டன்ஸ்’ என்றால் தண்டனை, வாக்கியம் இரண்டும் உண்டு. பிரெஞ்சில் இரண்டுக்கும் வேறுவேறு சொற்கள். ஆகவே எந்த இடத்தில் எது என்று பிரெஞ்சுப் பிரதி இலவசமாகக் காட்டிக்கொடுத்தது. பெல் ஆய்வகத்தின் கேல், சர்ச், யாரோவ்ஸ்கி மூவரும் 1992இல் இதைப் பயன்படுத்தி இரண்டில் ஒன்றைத் தேர்வதில் 90 விழுக்காட்டை எட்டினார்கள். ஒரே கட்டுரைக்குள் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே பொருளில்தான் வரும் என்பதையும் அவர்களே நிறுவினார்கள். 1995இல் யாரோவ்ஸ்கி இன்னும் ஒரு படி மேலே போனார். செடி, தொழிற்சாலை இரண்டையும் குறிக்கும் ‘பிளான்ட்’ என்ற சொல்லுக்கு, உயிர், உற்பத்தி என்ற இரண்டு அண்டைச் சொற்களை மட்டும் விதையாகக் கொடுத்தார். அவை அருகில் வந்த இடங்களிலிருந்து புதிய தடயங்களைக் கணினி தானே கற்று, பரப்பிக்கொண்டே போனது. இத்தகைய இருபொருட் சொற்களில் துல்லியம் 96 விழுக்காட்டை ஒட்டி வந்தது.

ஆனால் செடியும் தொழிற்சாலையும் வெகுதூரம். நுண்ணிய வேறுபாடுகளில் மனிதர்களே தடுமாறினார்கள். இங்கிலாந்தின் ஹெர்ஸ்ட்மான்சோ கோட்டையில் 1998இல் கூடிய சென்செவல், எல்லா முறைகளையும் ஒரே தேர்வில் உட்காரவைத்தது. அதை முன்னின்று நடத்திய ஆடம் கில்காரிஃப், சொல்லுக்குத் தனித்தனிப் பொருள்கள் இருப்பதாகவே தாம் நம்பவில்லை என்று முந்தைய ஆண்டுதான் எழுதியிருந்தார். பிரின்ஸ்டனின் வேர்ட்நெட் அகராதி பிரித்துவைத்த பொருள்களை வைத்து 2004இல் நடந்த தேர்வில், சொற்களுக்குப் பொருள் குறித்த மனிதர்கள் இருவரே சுமார் 72 விழுக்காடுதான் ஒத்துப்போனார்கள். வென்ற முறை 65. எதையும் யோசிக்காமல் முதற்பொருளையே போட்டுக்கொண்டு போனாலும் 62. அரை நூற்றாண்டு உழைப்பின் மொத்த லாபம் மூன்று விழுக்காடா என்ற சலிப்பு அன்று நியாயமானதே.

மாற்றம் 2018இல் வந்தது. அதற்கு முன், 2013இல் வெளிவந்த வேர்ட்2வெக் ஒவ்வொரு சொல்லையும் எண்களின் வரிசையாக மாற்றியது; பல பொருளுக்கும் ஒரே வரிசை. 2018இல் வந்த எல்மோ, பெர்ட் என்ற மொழி மாதிரிகள் சொல் வரும் இடத்துக்கேற்ப வரிசையை மாற்றின. பெர்ட் பயின்ற விதம் வீவரின் அட்டையைத் திருப்பிப் போட்டது போன்றது: வாக்கியத்தில் சில சொற்களை மட்டும் மறைத்து, சுற்றியுள்ளவற்றைக் கொண்டு ஊகிக்கச் சொல்வார்கள். கோடிக்கணக்கான முறை ஊகித்ததில், எது எதற்குள் அடங்கும் என்பது போன்ற உலகச் செய்திகளும் ஓரளவு ஒட்டிக்கொண்டன. 2020இல் ரோமின் சபியென்சா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய பொருள் தேர்வில் 80 விழுக்காட்டைத் தாண்டினார்கள்.

அரிதான பொருள்களில் இடைவெளி இன்னும் உண்டு. பயிற்சிக்கு வழக்கமாகப் பயன்படும் செம்கோர் தொகுப்பு, 1961இல் அச்சான உரைகளிலிருந்து எடுத்தது. அதில் ‘மவுஸ்’ என்றால் எலி, கணினிக்குரியது இருக்க வழியில்லை. தமிழுக்கு அந்த அளவில் பொருள் குறித்த தொகுப்பு கிடையாது. இந்திய மொழிகளுக்கான இந்தோவேர்ட்நெட் திட்டத்தில் தமிழும் இடம்பெற்றிருக்கிறது. ஆனால் இங்கே பொருளுக்கு முன் பகுபதச் சிக்கல் வருகிறது. ‘வேலை’ என்பது பணியா, வேல் என்பதோடு ஐ உருபு சேர்ந்ததா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கும் பின்னால் வரும் வினையைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.